முழு த்ராட்டிலில் இறங்கிய விமானம்

விமானத் திடலில் அவளை எல்லோரும் ஆமை என்றுதான் கூப்பிட்டார்கள். முகத்துக்கு நேராகவே கூப்பிட்டார்கள், அவளும் கோபித்துக்கொண்டதில்லை. மற்ற விமானிகள் எவ்வளவு வேகமாகப் போனோம் என்று பீற்றிக்கொள்ளும் இடத்தில், எவ்வளவு மெதுவாகப் போக முடியும் என்பதில் பெயர் வாங்கியவள் அவள் ஒருத்திதான். சின்ன விமானத்தின் வாலில் விளம்பர பேனர் மாட்டி ஊர் மேல் இழுத்துப் போவது அவள் தொழில். கீழே நிற்கிறவன் அதைப் படித்து முடிக்க வேண்டும், பக்கத்தில் நிற்பவனுக்கும் காட்ட வேண்டும். வேகமாகப் போனால் துணி கிழியும். மெதுவாகப் போனால் விமானமே விழும். இரண்டுக்கும் நடுவில் இருந்த கொஞ்ச இடத்தில் அவள் பல வருடங்களாகக் குடித்தனம் நடத்திக்கொண்டிருந்தாள்.

வேகத்தைக் குறைத்தால் இன்ஜினுக்கு வேலை குறையும் என்றுதான் யாரும் நினைப்பார்கள். காரில் அப்படித்தான். ஆகாயத்தில் அந்தக் கணக்கு ஓர் எல்லை வரைக்கும்தான் செல்லும். வேகம் குறையக் குறைய, அதே எடையைத் தாங்குவதற்கு இறக்கை முன்பக்கத்தைத் தூக்கிக்கொண்டு காற்றில் சாய்ந்து நிற்க வேண்டியிருக்கிறது. அப்படிச் சாயச் சாயக் காற்று அதைப் பின்னால் பிடித்து இழுக்கிறது. ஒரு வேகத்துக்குக் கீழே இறங்கிவிட்டால், இன்னும் மெதுவாகப் போவதற்கு இன்னும் அதிக சக்தி கொடுக்க வேண்டும். மெதுவாக ஓட்டும் சைக்கிள் போட்டியில் கலந்துகொண்டவர்களுக்கு இது புரியும். முதலில் வந்தவனை விடக் கடைசியில் வந்தவனுக்குத்தான் வேர்த்து ஊற்றும். இன்ஜினுக்குச் சக்தி கூட்டும் த்ராட்டிலை முழுக்கத் தள்ளியாகிவிட்டது, கொடுப்பதற்கு இனி எதுவும் இல்லை என்ற நிலையில், பதறிப்போய் மூக்கைத் தூக்கினால் விமானம் ஏறாது, இறங்கும். மூக்கைக் கீழே தள்ளி, கொஞ்சம் உயரத்தைச் செலவழித்து, வேகத்தை வாங்கினால்தான் பிழைப்பு.

"கீழ போய்ட்டிருக்கிறப்ப இன்னும் கீழ தள்ளுன்னா யாருக்கு மனசு வரும்? எனக்கே இன்னிக்கும் வராது. கைதான் தள்ளும்," என்பாள்.

அந்தத் திடலுக்கு அவள் முதலில் வந்தது டைப் அடிக்க. விமானம் ஓட்டக் கற்றுக்கொடுக்கும் சங்கத்தில் அலுவலக வேலை. அம்மா இல்லாத வீடு, அப்பா இருந்தும் இல்லாத மாதிரி, பள்ளிக்கூடம் போகிற தம்பி ஒருவன். விடுமுறை நாட்களில் விமானங்களைக் கழுவித் துடைத்துக் கொடுத்தாள். அதற்குப் பதிலாக அவளை ஏற்றிப்போய் ஓட்டச் சொல்லிக்கொடுத்தார்கள். லைசென்ஸ் வாங்குவதற்குள் அவள் வயதுக்காரிகள் இரண்டாவது பிள்ளை பெற்றிருந்தார்கள். அவள் கல்யாணம் தள்ளிப் போய், தள்ளிப் போய், கடைசியில் போயே போய்விட்டது. அதைப் பற்றி யாராவது உச்சுக் கொட்டினால், "நான்தான் மெதுவா வர்ற ஆளாச்சே, மாப்பிள்ளை காத்திருக்கல," என்று சிரித்துவிட்டு நகர்ந்துவிடுவாள்.

தம்பிக்குப் படிப்பு ஏறவில்லை. ஆனால் மூடியிருக்கிற எதையும் கழற்றிப் பார்க்காமல் இருக்க மாட்டான். வீட்டில் ஒரு கடிகாரமும் ஒழுங்காக ஓடியதில்லை. அவள்தான் விமானங்களைப் பழுதுபார்க்கும் கொட்டகையான ஹேங்கரின் மேஸ்திரியிடம் கெஞ்சிக் கூத்தாடி அவனை வேலைக்குச் சேர்த்தாள், பரீட்சைக்கு அவனோடு உட்கார்ந்து படித்தாள், மெக்கானிக் லைசென்ஸ் வாங்க வைத்தாள். கை நல்ல கை. இன்ஜின் சத்தத்தைத் தள்ளி நின்று கேட்டே எங்கே கோளாறு என்று சொல்லிவிடுவான். பிறகு இருவருமாகச் சேர்ந்து பழைய நான்கு இருக்கை விமானம் ஒன்றை வாங்கி பேனர் தொழில் தொடங்கினார்கள். விமானம் அவன் பேரில் இருந்தது. மெக்கானிக் பேரில் இருந்தால் அனுமதி வாங்க அலைச்சல் மிச்சம் என்று அவன் சொன்னான், அவளும் சரி என்றாள். அக்கா தம்பிக்குள் என்ன உன் பேர், என் பேர்.

அவர்களுக்குள் ஒரு வழக்கம் இருந்தது. ஒவ்வொரு முறையும் கிளம்புவதற்கு முன்னால் அவள் பிரேக்கை அழுத்திக்கொண்டு த்ராட்டிலை முழுக்கத் தள்ளுவாள். இன்ஜின் எத்தனை சுற்று சுற்றுகிறது என்று காட்டும் முள் ஏறி ஓர் இடத்தில் நிற்கும். அவன் இறக்கை நுனிக்கு அப்பால் கண்ணை மூடிக்கொண்டு காது கொடுத்து நிற்பான். அவனுக்குத் திருப்தி என்றால் கட்டைவிரலைத் தூக்கிக் காட்டுவான். அந்தக் கட்டைவிரல் தூக்கப்படாமல் அவள் ஒருநாளும் கிளம்பியதில்லை. மற்ற விமானிகள் முள்ளை நம்பினார்கள். அவள் தம்பியின் காதை நம்பினாள். இதைச் சொல்லிச் சொல்லியே பெருமைப்பட்டுக்கொண்டவள் அவள், அதனால் குற்றம் அவள் மேலும் இல்லாமல் இல்லை.

அந்தத் தடவை புரொப்பெல்லரைக் கழற்றி வெளிப் பட்டறைக்கு அனுப்பியிருந்தான். இதழ் ஓரத்தில் கல்லடி பட்டிருக்கிறது, ராவிக்கொண்டு வர வேண்டும் என்றான். புதுப் பெயின்ட்டோடு பளபளவென்று திரும்பி வந்தது. மாட்டினான். மறுநாள் காலையில் சோபாக் கடைக்காரரின் பேனர்: எல்லாம் பாதி விலை, இன்று மட்டும். அந்தக் கடையில் எந்த நாளைக்குக் கேட்டாலும் இன்று மட்டும்தான்.

அவள் த்ராட்டிலைத் தள்ளினாள். இரண்டாயிரத்து நானூறைத் தொட வேண்டிய முள் இரண்டாயிரத்து இருநூறுக்குப் பக்கத்தில் வந்து நின்றுகொண்டது. இன்ஜினைத் தணித்து, ஜன்னலைத் திறந்து அவனைக் கூப்பிட்டாள்.

"முள்ளு ஏறலடா."

அவன் தலையை உள்ளே நீட்டிப் பார்த்தான். "மீட்டர்க்கா. கேபிள் பழசு, சோம்பேறித்தனம் பண்ணுது. வர்ற வாரம் மாத்திடறேன்."

"இன்ஜின்?"

"நான் கேட்டேன்ல. ஜம்முனு இருக்குக்கா. நீ போ."

விலகிப் போய் நின்று கட்டைவிரலைத் தூக்கினான். அவள் போனாள்.

தரையை விட்டு எழும்ப வழக்கத்தை விட அதிக தூரம் ஓடியது. ராத்திரி மழை, புல் ஈரம், அதுதான் பிடிக்கிறது என்று தனக்குத்தானே சமாதானம் சொல்லிக்கொண்டாள். பேனரைத் தரையிலேயே மாட்டிக்கொண்டு கிளம்ப முடியாது. இரண்டு கம்பங்களுக்கு நடுவில் கயிறு கட்டியிருக்கும்; விமானம் சுற்றி வந்து தாழப் பறந்து, வாலில் தொங்கும் கொக்கியால் அந்தக் கயிற்றைக் கவ்வி, அதே மூச்சில் மேலே ஏற வேண்டும். நூற்றுக்கணக்கான தடவை செய்த வேலை. கவ்வினாள், மூக்கைத் தூக்கினாள், துணி தரையை விட்டு எழுந்து விரியும் அந்த இழுப்பு முதுகில் வந்து விழுந்தது. த்ராட்டில் முழுக்க உள்ளே இருந்தது. வேகமானி முள் சரசரவென்று இறங்கியது.

மற்ற நாட்களில் அந்த இடத்தில் இன்ஜின் பல்லைக் கடித்துக்கொண்டு இழுத்துவிடும். அன்றைக்கு அதற்குத் தெம்பு இல்லை. அவள் கை பழக்கத்தில் மூக்கைக் கீழே தள்ளியது. வேகம் கொஞ்சம் திரும்பியது, ஆனால் உயரம் போய்க்கொண்டே இருந்தது. திடலுக்கு அப்பால் ஒரு கிடங்கு வரிசை, அதற்கு அப்பால் பெரிய சாலை. கிடங்குக் கூரைகள் ஜன்னல் வழியாகப் பக்கவாட்டில் தெரிந்தன. அவை கீழேதான் தெரிய வேண்டும். முழு சக்தியும் கொடுத்து அவள் இறங்கிக்கொண்டிருந்தாள். இன்னும் தள்ளுவதற்கு இடம் இல்லை, தூக்கினால் விழுந்துவிடும். கடைசிக் கூரை கழியும் வரைக்கும் பொறுத்துவிட்டு, பேனரைக் கழற்றிவிடும் பிடியை இழுத்தாள்.

பாரம் போனதும் விமானம் மேலே எழும்பிக்கொண்டது. பேனர் சாலையில் போய் விழுந்தது. "பாதி விலை" என்ற எழுத்துகள் ஒரு ரொட்டி வேனின் முன் கண்ணாடியைப் போர்த்திவிட்டன. வேன் விளக்குக் கம்பத்தில் முட்டியது, ஓட்டியவருக்குக் கை முறிந்தது. திடலில் திரும்பி வந்து இறங்கிய அவளால், அந்த மனிதர் உயிரோடு இருக்கிறார் என்று கேட்ட பிறகுதான் இருக்கையை விட்டு எழுந்திருக்க முடிந்தது. தம்பி ஓடி வந்து அவளைத் தாங்கி இறக்கினான், தண்ணீர் கொடுத்தான், அவள் முதுகைத் தடவிக்கொண்டே நின்றான். அவனாவது இருக்கிறானே என்று அவளுக்குத் தோன்றியது.

விசாரணை அதிகாரி வந்தார். சளி பிடித்து, பேச்சுக்கு நடுவில் மூக்கைத் துடைத்துக்கொண்டே இருந்தார், ஆனால் கேள்வியில் சளி இல்லை. முதலில் தம்பியைக் கேட்டார்.

"அவங்க எப்பவுமே மெதுவாத்தான் சார் ஓட்டுவாங்க," என்றான் தம்பி. "திடல்ல யாரை வேணா கேளுங்க. பேரே அதான்."

அவளுக்குக் காது சரியாகக் கேட்டதா என்று சந்தேகமாக இருந்தது. இத்தனை வருடத்தில் அவன் அவளை அக்கா என்று சொல்லாமல் ஒரு வாக்கியம் பேசியதில்லை. பயத்தில் உளறுகிறான் என்று நினைத்துக்கொண்டாள். அவனுக்காக அப்போதும் அவள்தான் காரணம் தேடினாள்.

"சார்," என்று அதிகாரியிடம் சொன்னாள். "அன்னிக்கு இன்ஜின் இழுக்கல. முள்ளு குறைவாக் காட்டுச்சு. மீட்டர் கோளாறுன்னு நெனச்சோம். மீட்டர் சரியா இருந்து சுத்து குறைவா இருந்திருந்தா, வேற கதை. நீங்களே பாத்துடுங்க."

அவளுக்கு அதில் நம்பிக்கை இருந்தது. வேகத்தைக் கெடுத்தது அவள் கை இல்லை என்று அந்த ஒரு சோதனையில் தெரிந்துவிடும். அதிகாரி தன் பையிலிருந்து கையடக்க மீட்டர் ஒன்றை எடுத்தார். விமானத்தின் சக்கரங்களுக்குக் கட்டை வைத்தார்கள். அவள் த்ராட்டிலைத் தள்ள, அவர் தள்ளி நின்று சுற்றும் புரொப்பெல்லரைக் குறிபார்த்து அளந்தார். விமானத்து முள் காட்டியதும் அவர் கையில் வந்ததும் ஒன்றே. மீட்டர் சோம்பேறி இல்லை. கேபிளும் பழசு இல்லை.

அதிகாரி தம்பியைப் பார்த்தார். "புரொப்பெல்லர்ல பிட்ச் மாத்தியிருக்கா?"

இதழின் முறுக்கைத்தான் அப்படிச் சொல்வார்கள். முறுக்கு குறைவாக இருந்தால் விமானம் ஏற்றத்தில் நன்றாக இழுக்கும், நேர்ப் பறப்பில் வேகம் வராது. முறுக்கைக் கூட்டினால் நேரில் பறக்கும், ஆனால் தரையிலும் ஏற்றத்திலும் இன்ஜின் முழுச் சுற்றை எட்டாமல் திணறும். சைக்கிளில் பெரிய பல்சக்கரத்தைப் போட்டுக்கொண்டு மேடு ஏறுகிற மாதிரி. பேனர் இழுப்பவனுக்கு அது தற்கொலைக்குச் சமம். வேறு யாருக்கு வேண்டும் அது? வேகமாக ஊர் ஊராகப் போக நினைப்பவனுக்கு.

"ஆமா சார், கூட்டியிருக்கேன்," என்றான் தம்பி. குரல் நடுங்கவே இல்லை. "பட்டறையில முறைப்படி பண்ணினது. அவங்ககிட்டயும் சொன்னேன். புது பிட்ச், பேனரோட வேகத்தைக் குறைக்காதீங்கன்னு படிச்சுப் படிச்சு சொன்னேன். கேக்கல."

அவன் அப்படி ஒன்றும் சொன்னதே இல்லை என்று அவள் சொல்ல வருவதற்குள் அதிகாரி அவள் பக்கம் திரும்பினார்.

"முள்ளு குறைவா இருந்ததைப் பாத்தீங்களா?"

"பாத்தேன்."

"பாத்துட்டும் கெளம்பினீங்க."

"இவன் மீட்டர்னு சொன்னான் சார். கட்டைவிரலைக் காட்டினான்."

அதிகாரி எழுதுவதை நிறுத்திவிட்டு அவளை நிமிர்ந்து பார்த்தார். அந்தப் பார்வையில் கோபம் இல்லை, இரக்கம்தான் இருந்தது. அவருக்கு வேண்டியது முள், அளவு, வேகம். கட்டைவிரலை எந்தக் கட்டத்தில் எழுதுவது? தம்பி ஹேங்கர் கதவருகே போய் நின்று வெளியே பார்த்துக்கொண்டிருந்தான். அவள் அவனையே பார்த்தாள். ஒரு தடவை திரும்பியிருந்தால் போதும், அவள் மன்னித்திருப்பாள். அவன் திரும்பவில்லை.

லைசென்ஸை நிறுத்தி வைத்தார்கள். மறுபடி பரீட்சை எழுதி, ஓட்டிக் காட்டி, அதன் பிறகு யோசிப்பார்களாம். தெரிந்தே குறைந்த சக்தியில் கிளம்பினாள், எச்சரித்தும் வேகத்தைக் குறைத்தாள் என்பது முடிவு. திடல் டீக்கடையில் அவள் வந்தால் பேச்சு வேறு பக்கம் திரும்பியது. ஆமை என்று கூப்பிட்டவர்கள் மரியாதையாக மேடம் என்று கூப்பிட ஆரம்பித்தார்கள். அதுதான் அவளுக்கு வயிற்றெரிச்சலாக இருந்தது. லைசென்ஸ் இன்றைக்குப் போகும், நாளைக்கு வரும். வேகத்தைக் கையால் உணரத் தெரிந்தவள் என்று ஒரு பேர் இருந்ததே, அது போனது. உள்ளதில் அவளுக்குச் சொந்தமென்று இருந்தது அது ஒன்றுதான்.

விமானம் விற்பனை ஆகிவிட்டது என்பதும் டீக்கடையில்தான் காதில் விழுந்தது. வாங்கியவர் ஒரு பல் டாக்டர். சமீபத்தில்தான் விமானம் ஓட்டக் கற்று லைசென்ஸ் வாங்கியவர். வேகமான விமானம்தான் வேண்டும் என்று பிடிவாதமாக இருந்தாராம். தம்பிக்கு, டாக்டரின் மச்சான் நடத்தும் பெரிய பழுதுபார்ப்பு நிறுவனத்தில் மேற்பார்வையாளர் வேலையும் கிடைத்துவிட்டதாம். அவளுக்கு இரண்டும் இரண்டும் நாலு என்று விளங்கியது. யாருக்காக முறுக்கைக் கூட்டினான் என்று இனி யாரும் சொல்ல வேண்டியதில்லை. விற்பதைச் சொன்னால் அவள் தடுப்பாள், அதற்காக மறைத்தான். இடையில் ஒரே ஒரு பேனர் நாள் வந்துவிட்டது, எப்படியாவது ஓடிவிடும் என்று விட்டிருப்பான். அவள் கோபத்தில் கொதித்தாள், வீட்டில் தனியாக உட்கார்ந்து அவனைத் திட்டித் தீர்த்தாள். அப்போதும் அவளுக்குள் ஒரு மூலை, மாட்டிக்கொண்ட பிறகு பயந்து பொய் சொல்லிவிட்டான், பயந்தாங்கொள்ளிப் பயல், என்று அவனுக்கு வக்காலத்து வாங்கிக்கொண்டிருந்தது.

டாக்டர் மாமனார் பண்ணையில் புல்தரை ஓடுபாதை ஒன்று போட்டிருக்கிறார், குட்டையானது, முனையில் மரங்கள் என்றும் கேள்விப்பட்டாள். மனைவி, இரண்டு மகள்கள், மூட்டை முடிச்சு எல்லாவற்றையும் ஏற்றிக்கொண்டு அங்கிருந்து இந்தப் புரொப்பெல்லரோடு கிளம்பினால் மரங்களுக்கு முன்னால் மூக்கைத் தூக்குவார். தூக்காமல் இருக்க அவருக்கு என்ன அனுபவம் இருக்கிறது? தம்பி மேல் இருந்த ஆத்திரம் வேறு, அந்தப் பெண் பிள்ளைகள் வேறு. அவள் ஆஸ்பத்திரிக்கு போன் பண்ணி, பல் வலி என்று சொல்லியே நேரம் வாங்கினாள்.

டாக்டர் நல்ல மனிதர். நாற்காலியில் சாய்ந்து வாயைத் திறக்கச் சொன்னார். அவள் வாயைத் திறந்தாள், ஆனால் சொல்ல வந்ததைச் சொன்னாள். தான் யார் என்பதில் தொடங்கி, முறுக்கு, ஏற்றம், மரங்கள் எல்லாம் சொன்னாள். "முழு த்ராட்டில் கொடுத்தும் எறங்கும் டாக்டர். அப்போ இன்னும் தூக்கணும்னு தோணும். தூக்கக் கூடாது. மொதல்ல பழைய பிட்சுக்கே மாத்திடுங்க. வேகம் கொஞ்சம் குறையும், அவ்வளவுதான்."

அவர் முகக்கவசத்தைக் கழற்றிவிட்டுப் பொறுமையாகக் கேட்டார். கேட்டு முடித்து, ஒரு குழந்தையிடம் பேசுவது போலச் சொன்னார்.

"நீங்க கவலைப்படாதீங்கம்மா. உங்க தம்பி எல்லாம் சொல்லியிருக்கார். அக்காவுக்கு இந்த விமானம்னா உயிரு, விக்க மனசு வராது, உங்ககிட்ட வந்து அதுல அந்தக் குறை இந்தக் குறைன்னு சொல்லுவாங்க, பொருட்படுத்தாதீங்கன்னார். எனக்குப் புரியுது உங்க வருத்தம்."

"விபத்துக்கு அப்புறம் சொன்னானா?"

"இல்லையே. மொத தடவை நான் பாக்க வந்தேனே, அன்னிக்கே சொன்னார். புரொப்பெல்லரைக் கழட்டுறதுக்கும் முன்னாடி. அவங்க கொஞ்சம் மெதுவான ஆளு, கை முன்ன மாதிரி இல்லன்னும் சொன்னார்." அவர் சங்கடத்தோடு புன்னகைத்தார். "பாசத்தோடதான் சொன்னார்மா."

அவள் நாற்காலியிலிருந்து எழுந்தாள். சரி டாக்டர் என்று சொன்னதாக ஞாபகம். பயத்தில் சொன்ன பொய் இல்லை இது. முள் குறைவாக நிற்பதற்கு முன்னால், பேனர் விழுவதற்கு முன்னால், அவளுக்கு ஒன்றும் தெரியாத ஒரு சாதாரண நாளில், அவள் சொல்லை யாரும் நம்பாதபடி அவன் ஏற்பாடு செய்து வைத்துவிட்டான். அவனுக்காக அவள் தேடி வைத்திருந்த கடைசிச் சாக்கும் போனது. படிக்கட்டில் இறங்கும்போது கண்ணீர் வந்தது, துடைக்கவில்லை. எதிரே வந்தவர்கள் பல் பிடுங்கிக்கொண்டு போகிறாள் என்று ஒதுங்கி வழி விட்டார்கள்.

கீழே வாசலில் தம்பி நின்றிருந்தான். டாக்டரிடம் சாவி கொடுக்க வந்திருக்க வேண்டும். அவளைக் கண்டதும் முகம் வெளிறியது, பிறகு பழக்க தோஷத்தில் வாய் திறந்துகொண்டது.

"சாப்பிட்டியாக்கா?"

அவள் அவன் முன்னால் நின்றாள்.

"அன்னிக்கு நான் அந்தக் கூரை மேல விழுந்து செத்திருந்தா, அந்த அதிகாரிகிட்ட என்னடா சொல்லியிருப்பே?"

அவன் சாவியை விரலில் சுற்றிக்கொண்டிருந்தான். நிறுத்தினான். தரையைப் பார்த்தான்.

"அவர்கிட்ட சொன்னதையேதான்க்கா," என்றான்.

அவள் தலையை ஆட்டினாள். அவனைச் சுற்றிக்கொண்டு தெருவில் இறங்கி, பேருந்து நிறுத்தத்துக்கு நடந்தாள்.